மூடிக்குள் வைத்த அடையாளம்

வரது எடுத்த எடுப்பில் யாரையும் நம்புகிறவர் இல்லை. அது பிறவிக் குணமா, தொழில் கொடுத்த குணமா என்று அவர் மனைவி ரங்கம்மாவுக்கே இன்னும் பிடிபடவில்லை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை தருகிற சர்வேயர் அவர். மாடு குறுக்கே வந்தது என்று சத்தியம் செய்வார்கள். பம்பரில் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். நல்ல ஹெட்லைட்டைக் கழற்றி ஒளித்துவிட்டு, எங்கிருந்தோ உடைந்ததைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டுவார்கள். காலமெல்லாம் பொய்யையே கேட்டுப் பழகிய மனிதர், ரங்கம்மா நீட்டுகிற காபியைக்கூட ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

அவருடைய மகள் அம்ருதா நேர் எதிர். துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் டிசைன் என்ஜினியர். லீவு நாளையெல்லாம் ஒரு பழைய பத்மினி காருக்குத் தாரை வார்த்திருந்தாள். வெளியே பார்க்கத்தான் அது பத்மினி. பானட்டைத் தூக்கினால் உள்ளே பந்தயத்துக்கென்றே கட்டிய என்ஜின், அதன் பக்கத்தில் இரண்டு இத்தாலிக் கார்ப்ரேட்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு தொண்டை. நாலு சிலிண்டருக்கும் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டுவது அந்த நாலு தொண்டைகள்தான். நாலும் ஒத்துப்போனால் வண்டி பறக்கும். ஒன்று முரண்டு பிடித்தாலும் காரியம் கெட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். மருங்காபுரி தாண்டி, மனை பிரித்துப் போட்டு விற்காமல் கிடக்கிற ஒரு 'நகர்' இருக்கிறது. உள்ளே வளைந்து வளைந்து தார்ச்சாலை உண்டு, வீடு மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்ப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பந்தய அணிக்காரர்கள் வருவதாகச் சேதி. முதலில் வருகிறவருக்கு இந்த சீசன் முழுக்க அவர்கள் வண்டியை ஓட்ட இடம். அந்த இடத்துக்காக அம்ருதா சரியாகச் சாப்பிடாமல் திரிந்துகொண்டிருந்தாள். மகள் வேறு எதற்கும் இப்படி ஆசைப்பட்டு வரது பார்த்ததில்லை. அதனாலேயே அவருக்குப் பயம். இவ்வளவு ஆசைப்படுகிறவர்களைத்தான் உலகம் சுலபமாக ஏமாற்றும் என்பது அவர் எண்ணம்.

உலகம் என்று அவர் நினைத்தது அவள் வண்டியை ட்யூன் பண்ணுகிற மெக்கானிக் ஜோஸ்வினை. பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ் முடிகிற இடத்தில் அவனுடைய ஷெட். படித்தவன், பெங்களூரில் ஒரு பந்தய அணியில் வேலை பார்த்தவன், அதை யாரும் கேட்காமலே சொல்லுகிறவன். வெயிலில் கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, ஷெட்டுக்குள் வந்ததும் கண்ணுக்கு இறக்கிக்கொள்கிற ஆளை எப்படி நம்புவது என்று வரது கேட்பார். அது போகட்டும். செந்தமிழன் வண்டிக்கும் அவன்தான் ட்யூனிங். மருங்காபுரிக்காரனான செந்தமிழன் ஒருத்தன்தான் ஞாயிற்றுக்கிழமை அம்ருதாவுக்குச் சரியான போட்டி.

"ரெண்டு வண்டிக்கும் ஒருத்தனே கை வெச்சா, எதுக்கு நன்னா பார்ப்பான்?" என்று வரது கேட்டார்.

"ரெண்டுக்கும்தான். ஒண்ணு மட்டமா ஓடினா அவன் பேருதானே கெடும்" என்றாள் அம்ருதா.

அந்த வாரம் ட்யூனிங்குக்குப் போனபோது வரதுவும் கூடவே போனார். ஜோஸ்வின் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டான். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்ப்ரேட்டர் தொண்டையில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்து, நாலும் ஒரே மாதிரி மூச்சு இழுக்கிறதா என்று கேட்பான். பக்கத்தில் யாராவது தும்மினால்கூடக் கணக்குத் தப்பிவிடும். அம்ருதா இதை விளக்கினாள். வரது தலையாட்டினார். அவர் அனுபவத்தில் ஷட்டர் இறங்கினால் உள்ளே நல்ல சாமான் ஒன்று வேறு பைக்குள் போகிறது என்று அர்த்தம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஷட்டருக்கு அடியில் தெரிந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ஜின் உறுமியது, தணிந்தது, மறுபடி உறுமியது.

ஷட்டர் மேலே போனபோது வண்டி நின்ற இடத்தில் சீராக உறுமிக்கொண்டிருந்தது. அம்ருதா ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் சத்தம் ஒரு வழுக்கலும் இல்லாமல் ஏறியது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. வரதுவின் கண்ணோ சுவர் ஓர ரேக்கில் இருந்தது. அங்கே அதே மாதிரி இரண்டு கார்ப்ரேட்டர்கள்.

"அது செந்தமிழனோடது சார். காப்பி. உங்களுதுதான் ஒரிஜினல்" என்றான் ஜோஸ்வின், பெருமையாக. வரதுவின் சந்தேகத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சனிக்கிழமை காலையில் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகச் சொன்னான் ஜோஸ்வின். ஓடிய வண்டியின் ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, கடைசியாக ஸ்க்ரூவை ஒரு சுற்று சுற்ற வேண்டுமாம். ரேக்கில் காப்பி, வண்டியில் ஒரிஜினல், ஷட்டர் கீழே. வரதுவுக்கு மீதிக் கதை தானாகவே ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து, திருமண்ணைக் குழைத்து நெற்றியில் வெள்ளை நாமம் இட்டுக்கொண்டு, நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம் தீட்டிக்கொண்டார். கிண்ணத்தில் திருமண் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை. உடைந்த பாகங்களை மறுபடி காட்டி ஏமாற்றாமல் இருக்க, சர்வேயர்கள் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு அடையாளம் வைப்பார்கள். அவர் கை வைக்காத பம்பர் திருச்சியில் இல்லை. இந்தக் கார்ப்ரேட்டரின் தலையில் ஒரு சின்ன வட்ட மூடி உண்டு. காது வைத்த நட்டு ஒன்றைக் கையாலேயே திருகினால் கழன்றுவிடும்; ஸ்பானர்கூட வேண்டாம். கார்ப்ரேட்டரில் எண் அடித்திருப்பதையும் அவர் பார்த்திருக்கிறார், ஆனால் எண்ணை அழித்து வேறு எண் அடிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறார்.

சித்திரை வீதியில் வீட்டு வாசலில் நின்ற வண்டியின் பானட்டைத் தூக்கி, இரண்டு மூடியையும் திறந்து, உள்சுவரில் விரல் நுனியால் ஒவ்வொரு புள்ளி வைத்தார். பெருமாள் காவலும் ஆயிற்று, அடையாளமும் ஆயிற்று. மூடியைத் திருகிவிட்டு விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டபோது அவருக்குத் தன்னைப் பற்றியே ஒரு திருப்தி. அம்ருதாவிடம் சொல்லவில்லை. அவள் சிரிப்பாள், அல்லது ஜோஸ்வினிடம் உளறிவிடுவாள்.

சனிக்கிழமை காலையில் வண்டியை விட்டார்கள், மத்தியானம் எடுத்தார்கள். ப்ளக் எல்லாம் பிஸ்கட் நிறத்தில் வந்திருக்கிறது, இதைவிட நன்றாக இருக்க முடியாது என்றான் ஜோஸ்வின். பாலக்கரை வரை அவன் சொன்னது உண்மையாகத்தான் இருந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய நெரிசலில் வண்டி ஊர்ந்தபோதுதான் முதல் இருமல். அப்புறம் பட்டென்று ஒரு வெடி. ஒரு சிலிண்டர் செத்துச் செத்துப் பிழைத்தது. கொஞ்சம் மிதித்தால் சரியாக ஓடும், காலை எடுத்தால் மிஸ் அடிக்கும். கடைசியில் பூக்கடை வரிசைக்கு எதிரே அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் சொன்னேனே" என்றார் வரது. இந்த வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கு எப்போதும் ஒரு சுகம் இருக்கும். அன்று அதுகூட இல்லை. மகளின் உதடு துடித்ததைப் பார்த்துவிட்டார். வண்டியை ஓரம் தள்ளி, பானட்டைத் தூக்கி, கார்ப்ரேட்டரின் மூடியைக் கழற்றினார். புள்ளி இல்லை. இன்னொன்றைக் கழற்றினார். அதிலும் இல்லை.

"மாத்திட்டான். உள்ளே அடையாளம் வெச்சிருந்தேன், இப்போ இல்லே. காப்பியை மாட்டி அனுப்பிட்டான்" என்றார்.

அம்ருதா கார்ப்ரேட்டரைக் குனிந்து பார்த்தாள். ஜோஸ்வினைப் பற்றி அப்பா ஏதாவது சொன்னால் உடனே பதில் சொல்லுகிறவள் அன்று பேசாமல் இருந்தாள். அவளும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள் என்று வரது நினைத்துக்கொண்டார்.

இருமுகிற வண்டியை ஒருவழியாகக் கிளப்பிப் பொன்மலைக்குத் திரும்பினார்கள். ஷெட்டில் செந்தமிழனின் வண்டியை எடுத்துப்போக அவன் அப்பா பிச்சை வந்து நின்றிருந்தார். மருங்காபுரியில் மானாவாரி விவசாயம், அதிகம் பேசாத மனிதர். என்ஜின் சத்தத்தைக் கேட்டதும் ஜோஸ்வின் முகம் மாறியது. அவனுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது போலிருக்கிறது. பாலக்கரையில் ட்யூனிங் பண்ணுகிற நசுருதீனிடம் போய்க் கை வைக்கக் கொடுத்துவிட்டு வந்தீர்களா என்று அம்ருதாவைக் கேட்டான். அவ்வளவுதான், வரது பொரிந்து தள்ளிவிட்டார். ஒரிஜினலைக் கழற்றிக்கொண்டு காப்பியை மாட்டியதையும், கார்ப்ரேட்டர் மூடிக்குள் வைத்த அடையாளம் காணாமல் போனதையும், செந்தமிழனை ஜெயிக்கவைக்க நடக்கிற வேலை இது என்பதையும் தெரு கேட்கச் சொன்னார். பிச்சை எல்லாவற்றையும் நின்று கேட்டார். பிறகு யாரையும் பார்க்காமல் தன் மகனின் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜோஸ்வின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"என்ன அடையாளம் சார் வெச்சீங்க?"

"அது உனக்கெதுக்கு?"

"எதுலப்பா வெச்சேள்?" என்று அம்ருதா கேட்டாள்.

மகள் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "திருமண்" என்றார்.

ஜோஸ்வின் மூடியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு, குண்டூசி நீளத்தில் ஜெட் என்கிற பித்தளைச் சாமானை வெளியே எடுத்தான். மெதுவாக ஓடும்போது என்ஜினுக்குப் பெட்ரோல் போவது அந்த ஜெட்டின் வழியாகத்தான். அதில் இருக்கிற ஓட்டை தலைமுடி கனம்தான் இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், வெளிச்சம் வரவில்லை. வரதுவின் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஜெட்டைத் தட்டினான். வெள்ளையாக ஒரு துணுக்கு விழுந்தது.

வரது அதை விரலால் தேய்த்தார். தினமும் காலையில் தேய்க்கிற விரலுக்கு அது தெரியாதா? காய்ந்த மண் என்ஜின் குலுங்கக் குலுங்க உதிர்ந்து, போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது. அம்ருதா கார்ப்ரேட்டரின் அடியில் இருந்த எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். பிறகு டார்ச் அடித்துக் காட்டினாள். அதே எண், ஓரத்தில் அவளே வாங்கிய நாளில் பார்த்து வைத்திருந்த ஒரு கீறல். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அவளிடம் கோபம் தெரிந்திருந்தால் வரதுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜோஸ்வின் பெரிய மனதெல்லாம் காட்டவில்லை. வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு மன்னிப்புகூடக் கேட்காத அப்பாவுக்காக இதைச் செய்யவில்லை, அம்ருதாவுக்காகச் செய்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டான். இரண்டையும் பிரித்துக் கழுவி, முதலிலிருந்து ட்யூன் பண்ணி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியில் பானட்டின் முன்பக்கம் ஒரு கொக்கியும் பூட்டும் போட்டான். யாருக்காக இந்தப் பூட்டு என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சாவியை அம்ருதாவிடம் கொடுத்தான்.

அம்ருதா சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்களே வெச்சுக்கோங்கோப்பா."

ஊரில் உள்ள பூட்டுக்கெல்லாம் சாவி கேட்டு வாங்குகிற மனிதர், அந்தச் சாவியை வாங்கக் கையை நீட்டுவதற்குத் தயங்கினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இப்படி நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மருங்காபுரி வெயில் காலையிலேயே பிடித்துக்கொண்டது. வீடில்லாத நகரின் தெருக்களில் டயர் அடுக்கி வளைவு காட்டியிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்ருதாவின் வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. வளைவுக்காகக் காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது சத்தம் எங்கேயும் உடையவில்லை. செந்தமிழன் கடைசியாக ஓடினான். நேரான சாலையில் அவன் வண்டி அம்ருதாவுடையதைவிட வேகம். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் பட்டென்று வெடித்தது, தடுக்கியது, பிறகு எழுந்து ஓடியது. நேரம் பார்த்துச் சொன்னார்கள்: அம்ருதா முதல்.

அம்ருதா துள்ளவில்லை, வண்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவு சந்தோஷம். வரதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் பிச்சை நின்றிருந்தார்.

"ஐயா, நேத்து நீங்க சத்தம் போட்டது சரிதான் போல" என்றார் தணிந்த குரலில். "அந்த ஜோஸ்வின் பய இன்னைக்குக் காலையில வந்து எங்க வண்டியில கை வெச்சான். என்ன பண்ணினான்னு தெரியல. இனிமே எங்க ஊர்க்காரன் ஒருத்தனும் அவன்கிட்டப் போக மாட்டான்."

இந்தக் குரலை வரது எங்கோ கேட்டிருக்கிறார். அது அவருடைய குரல்தான். பிச்சையின் நெற்றியையே பார்த்தார். பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம்.

"உள்ளே ஏதாவது அடையாளம் வெச்சேளா?" என்று கேட்டார்.

பிச்சை சங்கடமாகச் சிரித்தார். "மாரியம்மன் குங்குமம். நேத்து நீங்க சொன்னதைக் கேட்டுட்டுத்தான். மூடியைத் தொறந்து உள்ளுக்குள்ள ஒரு பொட்டு. கண்ணு படாம இருந்த மாதிரியும் ஆச்சு, நம்ம சாமான் நம்மகிட்ட இருக்கான்னு தெரிஞ்ச மாதிரியும் ஆச்சு."

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. குங்குமம் ஜெட்டில் இருக்கும். ஜோஸ்வின் என்றாவது பார்ப்பான், அல்லது பார்க்கவே மாட்டான். பெயர் கெடுவது அவனுக்கு. இடம் அம்ருதாவுக்கு. அவள் எத்தனை ஆசைப்பட்ட இடம். வரது சட்டைப் பையில் கை விட்டார். சாவி விரலில் தட்டுப்பட்டது.

முதலில் அம்ருதாவிடம் போய்ச் சொன்னார். சொல்லி முடிக்கிற வரை அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை; ஆனாலும் பார்த்தார்.

"நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றேளா?" என்று கேட்டாள்.

"நானே சொல்றேன்."

பந்தலுக்கடியில் எல்லோரும் கேட்கச் சொன்னார். ஜோஸ்வின் மேல் தப்பே இல்லை என்றார். தன் சந்தேகத்தில் மகளுடைய வண்டிக்குள் திருமண் வைத்துக் கெடுத்தது தானே என்றும், தான் போட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் பிச்சையும் அப்படிச் செய்தார் என்றும், செந்தமிழனுக்கு இன்னொரு ஓட்டம் விட வேண்டும் என்றும் சொன்னார். ஜோஸ்வின் எல்லோர் முன்னிலையிலும் செந்தமிழன் வண்டியின் ஜெட்டைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினான். சிவப்பாக விழுந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

சுத்தமாக்கிய ஜெட்டோடு செந்தமிழன் மறுபடி ஓடினான். வளைவில் ஒரு வெடியும் இல்லை. வரது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். ஒரு மிஸ்கூட இல்லாமல் அது ஏறி இறங்கியது. நேரத்தைச் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. செந்தமிழன் முதல்.

அம்ருதா போய் அவனுக்குக் கைகொடுத்தாள். பிச்சை வரதுவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜோஸ்வின் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, அடுத்த வருஷத்துக்குள் அம்ருதாவின் வண்டி நேர்சாலையிலும் செந்தமிழனைத் தாண்டும்படி செய்துகாட்டுகிறேன் என்றான். வரதுவைப் பார்த்து, பானட்டைப் பூட்டும்படி தலையை அசைத்தான். வரது பூட்டினார்.

திரும்பும் வழியில் அம்ருதாதான் ஓட்டினாள். சத்திரத்தில் அதே நெரிசல். வண்டி ஊர்ந்தது, ஒரு இருமல்கூட இல்லை. காவிரிப் பாலத்தில் ஏறியபோது அவள் கண் நிறைந்திருந்ததை வரது பார்த்தார். "என்னாலதானே எல்லாம்" என்று சொன்னார். "ஆமாம்" என்றாள் அவள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீங்க சொல்லாம இருந்திருந்தா, அப்புறம் உங்ககிட்ட சாவியை விட்டுவெச்சிருக்க மாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை திருமண் இட்டுக்கொண்டு கிண்ணத்தில் மிச்சமிருந்ததைத் தண்ணீரில் கரைத்துத் துளசிச் செடிக்கு ஊற்றினார். ரங்கம்மா காபியை நீட்டினாள். வரது முகர்ந்து பார்க்காமல் வாங்கிக் குடித்தார். அதில் சர்க்கரை போட அவள் மறந்திருந்தாள். அவர் அதைச் சொல்லவில்லை.